டிவிடி டிரைவ் செத்துப்போன பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: பென்டிரைவையும் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது

மன்னைவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் அப்பாவிடம் 2007 வாக்கில் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. கோர் 2 டுவோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, 2 ஜிபி ராம், 120 ஜிபி ஹார்ட்டிஸ்க், இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயில் வரவு செலவுக் கணக்கும் உறவினர்களுக்குக் கடிதமும் அதில்தான் அடிக்கிறார். இப்போது எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை, பாதுகாப்பில்லை என்று ஏதாவது சொல்லி நின்றுவிடுகிறது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றால் "இது நல்லாத்தானே இருக்கு" என்கிறார். அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இதிலேயே லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால் டிவிடி டிரைவ் வேலை செய்யவில்லை. தட்டு வெளியே வருகிறது, டிஸ்க்கை வைத்துத் தள்ளினால் நாலு தரம் கிர்ர் என்று சுற்றிவிட்டு அடங்கிவிடுகிறது. லென்ஸைத் துடைத்தும் பார்த்தாயிற்று. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன், அவர் திறந்துகூடப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்.

சரி, பென்டிரைவில் போடலாம் என்று என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் காப்பி செய்து, செருகி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல எக்ஸ்பி வந்து நிற்கிறது. பயாஸுக்குள் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய், எதிலிருந்து பூட் ஆக வேண்டும், அதாவது கம்ப்யூட்டர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டும் பக்கத்தைப் பார்த்தேன். சிடி ராம், ஹார்ட் டிரைவ், ரிமூவபிள் டிவைசஸ், நெட்வொர்க் பூட் என்று நாலு வரிதான் இருக்கிறது, யூஎஸ்பி என்று ஒரு வரியே இல்லை. ரிமூவபிள் என்பதை மேலே ஏற்றிவிட்டும் பார்த்தேன், அதே எக்ஸ்பி. இன்னொரு சந்தேகம், எக்ஸ்பி 32 பிட் என்று காட்டுகிறது, அப்படியென்றால் 32 பிட் லினக்ஸ்தான் தேட வேண்டுமா? சனி ஞாயிறு மட்டும்தான் ஊருக்குப் போவேன், அதற்குள் முடிக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

கருந்திரை எழுதியது:

நண்பரே, முதல் தவறு அந்தக் காப்பியில்தான். ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க்கின் முழு அச்சு. அதை ஒரு கோப்பாகப் பென்டிரைவில் போட்டால் அது பாட்டுக்கு ஒரு பாட்டு கோப்பு மாதிரி கிடக்கும், பயாஸ் அதைத் திறந்து பார்க்காது. பயாஸ் பார்ப்பது பென்டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும்தான். அங்கே பூட் செய்வதற்கான நிரல் இருக்க வேண்டும், அதை எழுதுவதற்கென்று தனி மென்பொருள் வேண்டும்.

ஆபீஸில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் ரூஃபஸ் என்ற அந்த மாதிரி மென்பொருளை இறக்குங்கள். அதில் பகிர்வு முறை என்று கேட்கும் இடத்தில் எம்பிஆர், இலக்கு என்ற இடத்தில் பயாஸ் என்று வையுங்கள். ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைகள் பக்கம் போகாதீர்கள், உங்கள் லேப்டாப் பிறந்த காலத்தில் அதெல்லாம் வீட்டு லேப்டாப்புக்கு வரவில்லை. ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ முறை, அது பூட் ஆகவில்லை என்றால் மறுபடி டிடி முறையில் எழுதிப் பாருங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதில் கல்யாண போட்டோ ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மென்பொருள் ஓட்ட அனுமதி இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனிலேயே எட்ச்டிராய்ட் என்று ஒரு ஆப் இருக்கிறது, ஓடிஜி ஒயர் போட்டுப் பென்டிரைவைச் செருகினால் போனே எழுதிக் கொடுத்துவிடும், ரூட் எல்லாம் தேவையில்லை. நான் ஒரு தடவை ரயிலில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் நீங்கள் செய்த அதே காப்பி வேலை வென்டாய் என்ற மென்பொருளில் சரியான வழி. பென்டிரைவில் வென்டாயை ஒரு தடவை நிறுவிவிட்டால் அப்புறம் எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சும்மா காப்பி செய்து போடலாம், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று அதுவே பட்டியல் காட்டும். ஆனால் ரொம்பப் பழைய பயாஸ் சிலவற்றுக்கு அது ஒத்துவருவதில்லை, முதலில் ரூஃபஸையே முயலுங்கள்.

32 பிட் கேள்விக்கு: எக்ஸ்பி 32 பிட் என்பதால் பிராசஸரும் 32 பிட் என்று அர்த்தமில்லை. ஸ்டிக்கரை இன்னொரு தரம் நிதானமாகப் படியுங்கள். கோர் டுவோ என்றால் 32 பிட், கோர் 2 டுவோ என்றால் 64 பிட். நடுவில் இருக்கும் அந்த 2 தான் எல்லாம். கோர் டுவோ 2006 தொடக்கத்தில் வந்தது, அதே வருடம் பாதியில் கோர் 2 டுவோ வந்துவிட்டது, அதனால் அந்தக் காலத்து லேப்டாப்புகளில் ரெண்டும் கலந்து கிடக்கும். உங்களுடையது 64 பிட் என்றால் தப்பித்தீர்கள். 32 பிட்டுக்கு இப்போது ஆள் குறைந்துகொண்டே வருகிறது, டெபியன் என்ற லினக்ஸ் வகையே 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் பிசிக்கு நிறுவி கொடுப்பதை நிறுத்திவிட்டது.

பட்டறை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் பயாஸில் யூஎஸ்பி என்ற வரியே இல்லை என்கிறாரே. எழுதுவதை எவ்வளவு சரியாக எழுதினாலும் பயாஸ் யூஎஸ்பி பக்கம் திரும்பாவிட்டால் என்ன செய்வது? 2007 பயாஸ்களில் இது சகஜம். ரெண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பிளாப் பூட் மேனேஜர். சின்னக் கோப்பு, எக்ஸ்பி-யின் பூட் பட்டியலிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். ஆன் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் சொந்தமாக யூஎஸ்பி டிரைவர் இருக்கிறது, பயாஸைக் கேட்காமல் அதுவே பென்டிரைவைப் படித்து பூட் செய்யும்.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது: ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றுவது. அடியில் ரெண்டு திருகு, இழுத்தால் வந்துவிடும். சாட்டா-யூஎஸ்பி ஒயர் ஒன்று வாங்கி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கேயே லினக்ஸை நிறுவி, மறுபடி லேப்டாப்பில் போட்டுவிட்டால் பூட் ஆகிவிடும். விண்டோஸ் மாதிரி இது வேறு மதர்போர்டு என்று அடம்பிடிக்காது, பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, ஆன் ஆகும்போது என்ன வன்பொருள் இருக்கிறதோ அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. என் மச்சான் லேப்டாப்புக்கு இப்படிச் செய்தபோது டெஸ்க்டாப்பின் சொந்த ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். நிறுவி முடித்துப் பார்த்தால் லினக்ஸ் போனது மச்சான் டிஸ்க்கில், அதைத் தொடங்கி வைக்கும் க்ரப் பூட் லோடர் போய் உட்கார்ந்தது என் டிஸ்க்கில். ரெண்டும் தனித்தனியாக ஆன் ஆகவில்லை, ரெண்டையும் சேர்த்து மாட்டினால்தான் ஆன் ஆகும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் வேறு டிஸ்க் எதையும் மாட்டி வைக்காதீர்கள். நிறுவும் கம்ப்யூட்டரும் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும், யூஇஎஃப்ஐ முறையில் நிறுவினால் இந்த லேப்டாப்பில் போட்டதும் கருப்புத் திரைதான்.

திருகாணி எழுதியது:

பட்டறை அண்ணே, ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றுவது உங்களுக்குப் பிடித்த வேலை என்பது தெரிகிறது, ஆனால் அதுவரைக்கும் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பயாஸில் யூஎஸ்பி வரி இல்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் அது இருக்கத்தான் செய்கிறது, பார்க்க வேண்டிய இடத்தில் பார்ப்பதில்லை. நானே முதல் தடவை மூன்று நாள் இப்படி அலைந்தவன்தான்.

மன்னைவாசி, நீங்கள் சொல்லும் நாலு வரிப் பட்டியலைப் பார்த்தால் ஃபீனிக்ஸ் பயாஸ் மாதிரி இருக்கிறது, நீலமும் சாம்பலுமாக. அதில் ஹார்ட் டிரைவ் என்ற வரிக்கு முன்னால் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருக்கும், நன்றாகப் பாருங்கள். அந்த வரியில் நின்று என்டர் தட்டினால் உள்ளே ஒரு குட்டிப் பட்டியல் விரியும். பூட் ஆகக்கூடிய பென்டிரைவை இந்த பயாஸ்கள் ஒரு ஹார்ட்டிஸ்க்காகத்தான் நினைக்கும், அதனால் அது ஹார்ட் டிரைவுக்கு உள்ளேதான் ரெண்டாவதாக ஒளிந்திருக்கும். நீங்கள் மேலே ஏற்றிய ரிமூவபிள் என்பது பெரும்பாலும் ஃபிளாப்பிக்கானது. அந்தக் குட்டிப் பட்டியலில் பென்டிரைவ் பெயரை எஃப்5, எஃப்6 விசையால் அல்லது கூட்டல் கழித்தல் விசையால் முதலிடத்துக்குக் கொண்டு வந்து எஃப்10 தட்டிச் சேமியுங்கள்.

முக்கியமான விஷயம், லேப்டாப்பை ஆன் செய்வதற்கு முன்பே பென்டிரைவைச் செருகியிருக்க வேண்டும். பயாஸுக்குள் போன பிறகு செருகினால் பட்டியலில் வராது. ஹப் எதுவும் வேண்டாம், நேரடியாக லேப்டாப் ஓட்டையில். இன்னொரு ஓட்டையிலும் மாற்றிப் பாருங்கள். லெகஸி யூஎஸ்பி என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அது எனேபிள் ஆகியிருக்க வேண்டும்.

பட்டியல் வேலையே வேண்டாம் என்றால் ஆன் செய்ததும் பூட் மெனு விசை: டெல், தோஷிபா, லெனோவோவில் எஃப்12, எச்பி-யில் எஃப்9 அல்லது எஸ்கேப், அசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பலவற்றில் பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனு என்பதை முதலில் எனேபிள் செய்தால்தான் அது வேலை செய்யும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

வெளியில் மாட்டும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அதுவும் யூஎஸ்பி வழியாகத்தான் பூட் ஆக வேண்டும், அந்தக் காசுக்குப் பழைய டிடிஆர்2 ராம் ஒன்று வாங்கிப் போடலாம். மதர்போர்டில் இன்டெல் 945 சிப்செட் என்றால் 4 ஜிபி போட்டாலும் 3 சொச்சம்தான் தெரியும், இருந்தாலும் ரெண்டுக்கு மூன்று பெரிய வித்தியாசம்.

கருந்திரை எழுதியது:

திருகாணி சொன்னதை வழிமொழிகிறேன். எந்த லினக்ஸ் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்போடு வரும் டெபியன் லைவ் போதும், லுபுண்டுவும் பரவாயில்லை. ரெட் ஹேட் 9, ஆல்மா 9, ஓப்பன்சூசே லீப் 16 பக்கம் போகாதீர்கள், அவை கேட்கும் சில பிராசஸர் கட்டளைகள் அந்தக் காலத்துக் கோர் 2 டுவோவில் கிடையாது. எது போட்டாலும் முதலில் லைவ் ஆகவே, அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, திரை, சத்தம், டச்பேட் எல்லாம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். அப்பாவின் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். தமிழில் அடித்தது என்றால் எந்த எழுத்துருவில் அடித்தார் என்று பார்த்து, அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து மறக்காமல் எடுங்கள். இதை மறந்தவர்கள் அப்புறம் திரும்பி வந்து அழுவார்கள்.

மன்னைவாசி எழுதியது:

ஊரிலிருந்து எழுதுகிறேன். திருகாணி, அந்தக் கூட்டல் குறி! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிறது. என்டர் தட்டினேன், ஹார்ட்டிஸ்க் பெயருக்குக் கீழே பென்டிரைவ் பெயர் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏற்றி எஃப்10 தட்டினேன், டெபியன் பட்டியல் வந்துவிட்டது. ஸ்டிக்கரிலும் 2 இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

சந்தோஷம் பத்து நிமிடம்தான். நெட் ஒயர் எட்டவில்லை என்று அணைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்கி முன் அறைக்கு எடுத்துப் போய் மறுபடி ஆன் செய்தால் திரும்பவும் எக்ஸ்பி. பயாஸில் போய்ப் பார்த்தால் நான் மாற்றியது எதுவும் இல்லை, பட்டியல் பழையபடி. தேதி 2007 ஜனவரி 1 என்று காட்டுகிறது. பயாஸ் கெட்டுவிட்டதா? அப்புறம் லைவில் ஓட்டிப் பார்த்தபோது வைஃபை என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. வீட்டு நெட் பெட்டிக்கு வரும் ஒயரும் தளர்ந்து கிடக்கிறது, நம்ப முடியாது.

திருகாணி எழுதியது:

பயாஸ் நன்றாக இருக்கிறது, அதன் நினைவுதான் போய்விட்டது. மதர்போர்டில் சின்னக் காசு அளவில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும், தேதியையும் பூட் வரிசையையும் அதுதான் காப்பாற்றி வைக்கும். இத்தனை வருடத்தில் அது தீர்ந்திருக்கும். லேப்டாப்பின் பெரிய பேட்டரியும் போயிருந்தால் ஒயரைப் பிடுங்கிய நொடியே எல்லாம் மறந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். லேப்டாப்பில் பெரும்பாலும் ரெண்டு சின்ன ஒயர் ஒட்டி, கருப்பு உறை போட்டு வரும். வெறும் காசை வாங்கி வந்து சொருக முடியாது, ஒயரோடு கேட்டு வாங்குங்கள். இன்றைக்குக் கிடைக்காது என்றால் பரவாயில்லை, நிறுவி முடிக்கும் வரை ஒயரைப் பிடுங்காதீர்கள், அவ்வளவுதான். நிறுவிய பிறகு ஹார்ட்டிஸ்க்தானே முதலில் பூட் ஆகும், வரிசை மறந்தாலும் நஷ்டமில்லை.

பட்டறை எழுதியது:

நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். வைஃபைக்கு நான் சொல்கிறேன். அந்தக் காலத்து லேப்டாப் என்றால் பிராட்காம் சிப்பாக இருக்கலாம், அதை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை உரிமச் சிக்கலால் டெபியன் தன் ஐஎஸ்ஓவில் சேர்க்க முடியாது, நெட்டில் இருந்துதான் இறக்க வேண்டும். நெட் வர வைஃபை வேண்டும், வைஃபை வர நெட் வேண்டும். இதற்குப் போன் இருக்கிறது. சார்ஜர் ஒயரில் போனை லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்திலேயே யூஎஸ்பி டெதரிங் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு நெட் ஒயராகவே எடுத்துக்கொள்ளும், எதுவும் நிறுவ வேண்டாம். அப்புறம் மென்பொருள் மூலங்களில் கான்ட்ரிப் என்ற பிரிவைச் சேர்த்துவிட்டு, பி43 ஃபர்ம்வேர் நிறுவி என்ற தொகுப்பைத் தேடிப் போடுங்கள், ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை தலைகாட்டும்.

நெட் வந்தவுடன், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையை ஓட்டினால் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒரு விநோதமான பிழை வரலாம். பயப்படாதீர்கள், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருப்பதால் சர்வரில் இருப்பது எதிர்காலத்துக் கோப்பு என்று அது நினைக்கிறது. ரெண்டு நிமிடம் விட்டால் நெட்டிலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், மறுபடி ஓட்டுங்கள்.

மன்னைவாசி எழுதியது:

ஞாயிறு ராத்திரி, பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். முடிந்துவிட்டது. ஒயரைத் தொடாமல் நிறுவி முடித்தேன், போன் வழியாக நெட் வந்தது, பட்டறை சொன்ன அதே பிழையும் சொல்லி வைத்த மாதிரி வந்தது, டீ குடித்துவிட்டு வந்து ஓட்டினால் போய்விட்டது. வைஃபை இப்போது வருகிறது. ஆன் ஆக ஒன்றரை நிமிடம் ஆகிறது, பிரவுசரில் நாலு டேப்புக்கு மேல் போனால் திணறுகிறது, ஆனால் அப்பாவுக்கு ரெண்டு டேப்பே அதிகம்.

கருந்திரை அண்ணா, எழுத்துரு விஷயத்தைச் சொன்னீர்களே, உங்களுக்குக் கோடி புண்ணியம். அப்பாவின் கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் இருந்தன. லிப்ரே ஆபீஸில் திறந்தால் முதலில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தது, அப்பா முகம் சுண்டிவிட்டது. ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு எழுத்துருவை அதில் வைத்து மறுபடி திறந்ததும் எல்லாம் தமிழாகிவிட்டது. இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள் என்று ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்து, அதில் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர், விசைகள் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருப்பதைப் பார்த்ததும் நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் ரெண்டு வரி அடித்துவிட்டார்.

ஒரே ஒரு புகார். பஸ் ஏறும்போது கேட்கிறார், அந்தச் சீட்டுக்கட்டு விளையாட்டு எங்கேடா போச்சு என்று. எக்ஸ்பி-யில் தினமும் ஆடுவாராம், எனக்குத் தெரியவே தெரியாது.

திருகாணி எழுதியது:

ஐல்ரியட் என்று தேடி நிறுவுங்கள். அப்பா ஆடியது குளோண்டைக்காகத்தான் இருக்கும், அதுவும் இருக்கிறது, அது போக இன்னும் ஒரு எண்பது வகை இருக்கிறது. அடுத்த வாரம் போகும்போது போட்டால் போதும், அதுவரைக்கும் கோயில் கணக்கு எழுதட்டும்.

மன்னைவாசி எழுதியது:

அடுத்த வாரமா? போனிலேயே சொல்லிக் கொடுத்து இப்போதே போட வைத்துவிட்டேன். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லை மூன்று தரம் தப்பாக அடித்தார்.